பாவத்தை விட்டுத் திரும்புவது எப்படி: வரிசை மாறாமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

பிறந்தது முதல் கோவில் மணிச் சத்தம் கேட்டு வளர்ந்து, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி, திடப்படுத்தலும் (முதல் நற்கருணைக்கு முன் விசுவாசத்தை உறுதிசெய்கிற சபைச் சடங்கு) முடித்து, இப்போது பாடகர் குழுவில் நிற்கிற ஒருவருக்குள் ஒரே ஒரு பாவம் மட்டும் பத்து வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், இது அவருக்காக எழுதியது. கன்வென்ஷன் பந்தலில் அழுதிருப்பார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் முழங்கால் போட்டிருப்பார். திங்கட்கிழமை வந்ததும் அதே இடத்தில் இருப்பார். அவர் அழுதது பொய் இல்லை, அழுததற்குப் பிறகு எதை முதலில் செய்ய வேண்டும், எதை இரண்டாவது செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நான் உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கருப்பட்டி வாங்கி விற்கிறவன். பன்னிரண்டு வருஷமாக எங்கள் சபையின் வாலிபர் ஜெபக்குழுவை நடத்துகிறேன். கீழே இருக்கிற வரிசையில் நான் முதலில் தப்பாகச் செய்து, பிறகு சரியாகச் செய்து, அப்புறம் பலர் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

முதலில் ஒரு விஷயம் மனதில் தெளிவாக இருக்க வேண்டும். இந்த வேலையையெல்லாம் செய்து மன்னிப்பைச் சம்பாதிக்க முடியாது. கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், அது கிரியைகளினால் உண்டானதல்ல என்று எபேசியர் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், மன்னிப்புக்கு விலை கொடுக்கிறோம் என்ற நினைப்போடு தொடங்குகிறவர் பாதியில் இரண்டில் ஒன்றாகிவிடுவார்: எல்லாம் முடித்துவிட்டோம் என்று பெருமைப்படுவார், இல்லையென்றால் முடிக்கவே முடியாது என்று கைவிடுவார். அநியாயமாக வரி வாங்கின சகேயுவின் வீட்டுக்கு இயேசு போன பிறகுதான் அவன் எழுந்து நின்று, நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அவர் வீட்டுக்கு வருவதற்கு அவன் அதைக் கட்டணமாகக் கட்டவில்லை. இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது அரை நாள். ஒரு மணி நேரம் போதாது, முதல் ஒரு மணி நேரம் மனம் சாக்குச் சொல்லியே கழிந்துவிடும். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, வேதாகமம். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நான் எங்கள் ஊர்ச் செம்மண் மேடான தேரிக்காட்டுப் பக்கம் பனைகளுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். ஊரில் யாராவது பார்த்து "என்ன அண்ணாச்சி, இங்க இருக்கீங்க" என்று பேச்சைத் தொடங்காத இடமாக இருந்தால் போதும்.

மூன்றாவது, ஒரு ஆள். உங்களைவிட வயதில் மூத்தவராக, உங்கள் வயதொத்தவர் என்றால் வாய் இறுக்கமானவராக, உங்களோடு பண விவகாரமோ சபை விவகாரமோ இல்லாதவராக இருக்க வேண்டும். சேகரத்து ஐயராக (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இருக்கலாம், அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாராக இருக்கலாம், பனையேறுகிற ஒரு பெரியவராகவும் இருக்கலாம். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். இந்த ஆளை இப்போதே மனதில் குறித்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்க மாட்டார், அதாவது நீங்கள் தேட மாட்டீர்கள்.

பொருத்தனை எதுவும் வேண்டாம். "இனிமேல் தொடவே மாட்டேன் ஆண்டவரே" என்று முதல் நாளே சத்தியம் செய்கிறவர்கள்தான் பத்தாவது நாள் கோவிலுக்கு வர வெட்கப்படுகிறார்கள். பேதுரு எல்லாருக்கும் முன்னால் அப்படித்தான் சொன்னார், அந்த இரவே மூன்று தரம் மறுதலித்தார்.

2. பாவத்துக்கு அதன் சொந்தப் பெயரை எழுதுங்கள்

மொத்த வேலையிலும் கஷ்டமான இடம் இதுதான்.

எங்கள் வியாபாரத்தில் 'கழிவு' என்று ஒரு சொல் உண்டு. பனையேறி கொண்டுவருகிற கருப்பட்டியில் ஈரம் இருந்தால், காய்ந்தபின் எடை குறையும் என்பதற்காக வாங்குகிறவர் கொஞ்சம் கழித்துக்கொள்வார். ஈரம் இருக்கும்போது அது நியாயம். நான் காய்ந்த கருப்பட்டிக்கும் கழித்தேன். 10 கிலோவுக்கு 300 கிராம். நோட்டில் 'கழிவு' என்று ஒரு பத்தியே போட்டிருந்தேன், அழகாக எழுதி, கூட்டல் போட்டு, மாசக் கடைசியில் அடிக்கோடு போட்டு. அந்தச் சொல் அங்கே இருந்த வரைக்கும் எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெடவில்லை. தேரிக்காட்டில் உட்கார்ந்து அதே பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு 'திருட்டு' என்று எழுதிப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. நாலு சீசன் கணக்கு, ஒவ்வொரு வரியும் என் கையெழுத்து.

உங்கள் வாழ்க்கையிலும் அப்படி ஒரு சொல் இருக்கும். லஞ்சத்துக்கு 'அன்பளிப்பு' என்போம். வரதட்சணைக்கு 'அவங்க பொண்ணுக்குச் செய்யுறாங்க' என்போம், பெண் வீட்டார் நிலத்தை அடகு வைத்தது தெரிந்துகொண்டே. பெண்டாட்டியை அடிப்பதற்கு 'எனக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி'. இன்னொரு சாதிக்காரர் கோவிலில் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டால் மனது சுருங்குகிறதே, அதற்கு 'நம்ம சனத்துக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு'. போனில் ராத்திரி பார்க்கிறதற்கு 'பழக்கம்'. கோவிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற ஒரே இராப்போஜனத்தில் பங்கெடுத்துக்கொண்டு, சபைத் தேர்தலில் எதிரணியில் நின்ற சொந்தச் சித்தப்பா மகனோடு ஆறு வருஷமாகப் பேசாமல் இருப்பதற்கு 'கொள்கை'.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: யாருக்கு விரோதமாக, எவ்வளவு, எப்போதிலிருந்து. இது ஏன் என்றால், ஆள், அளவு, காலம் இல்லாத பாவத்தை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வழியே இல்லை. 'பெருமை' என்று எழுதினால் நாளைக் காலை யார் வீட்டுக்குப் போவீர்கள்? 'பொங்கலுக்கு முந்தின வாரம், வேலைக்கு வந்த அக்காவை எல்லார் முன்னாலும் பேர் சொல்லித் திட்டினேன்' என்று எழுதினால் போகவேண்டிய வீடு தெரிந்துவிடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் நாற்பது, ஐம்பது பாவம் எழுதுவார்கள், சின்ன வயதில் மாங்காய் பறித்தது வரைக்கும். அதில் பெரியது ஒளிந்துகொள்ளும். எழுதி முடித்ததும் 'இதில் எது வெளியே தெரிந்தால் நான் ஊரைவிட்டுப் போய்விடுவேன்' என்று கேட்டுப் பாருங்கள், அதிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு சாரார் அடுத்தவர் பாவத்தை எழுதுவார்கள். 'அவன் என்னை ஏமாற்றியதால் நான் அவனிடம் கடுமையாக நடந்தேன்' என்ற வாக்கியத்தில் முதல் பாதியை அடித்துவிடுங்கள்.

3. ஜெபத்தில் 'நாங்கள்' வேண்டாம், 'நான்' என்று சொல்லுங்கள்

ஞாயிறு ஆராதனையில் சபையாய்ச் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். அது நல்லது, சபையாக நிற்பதற்கு அது வேண்டும். ஆனால் முந்நூறு பேர் சேர்ந்து 'நாங்கள்' என்று சொல்லும்போது என் 'நான்' எங்கே போனது என்று எனக்கே தெரியாது. 51-ஆம் சங்கீதத்தில் தாவீது முழுக்க முழுக்க 'என்', 'எனக்கு' என்றுதான் பேசுகிறார். உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டதைப் பற்றித் தீர்க்கதரிசி நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்று விரல் நீட்டிய பிறகு 'நாங்கள்' என்று சொல்ல அவருக்கு இடமே இல்லை.

எழுதின நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்விட்டு, ஒவ்வொரு வரியாகத் தேவனிடம் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் வேகமாக நழுவிவிடும், அதனால்தான் வாய்விட்டு. விளக்கம் வேண்டாம். லூக்கா 15-இல் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன் பன்றிகளோடு இருக்கும்போதே தன் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறான்: தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன். பஞ்சம் வந்தது, சிநேகிதர் கைவிட்டார்கள் என்று ஒரு காரணமும் அதில் இல்லை.

எல்லா வரியும் முடிந்ததும் 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். பிறகு நிறுத்திவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் அழுகையை வைத்தே மனந்திரும்புதலை அளக்கிறார்கள், அது தப்பான அளவுகோல். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், காசைக்கூட எறிந்தான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பி வரவில்லை. பேதுரு வந்தார்.

4. அன்றைக்கே வழியை அடைத்துவிடுங்கள்

திருப்பிக் கொடுக்கிற வேலைக்கு வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் பாவத்துக்குப் போகிற பாதை திறந்தே கிடந்தால், ஒரு பக்கம் கடனை அடைத்துக்கொண்டே மறுபக்கம் கடன் வாங்குவது போல ஆகிவிடும். அதனால்தான் இது ஐந்தாவது படிக்கு முன்னால் வருகிறது.

தீர்மானத்தை நம்பாதீர்கள், பொருளை மாற்றுங்கள். நான் அன்று சாயங்காலமே கணக்கு நோட்டில் 'கழிவு' பத்தியை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். மறுநாள் திசையன்விளைக்குப் போய் இரண்டு பக்கமும் எண் தெரிகிற மின்னணுத் தராசு வாங்கிவந்தேன். இப்போது நான் பார்க்கிற எண்ணை எதிரே நிற்கிறவரும் பார்க்கிறார். அன்றைக்கு என் மனது எப்படி இருந்தாலும் தராசுக்கு அது தெரியாது.

போன்தான் பிரச்சினை என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு அதை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடுங்கள், படுக்கிற அறையில் சார்ஜ் போடக்கூடாது. கடைக்குப் போகிற சாலையில்தான் டாஸ்மாக் என்றால் சுற்றுவழியாகப் போங்கள், இரண்டு கிலோமீட்டர் கூட ஆனாலும். தகாத உறவு என்றால் எண்ணை அழித்துத் தடைசெய்யுங்கள், 'கடைசியாக ஒரு தடவை விளக்கிவிட்டு வருகிறேன்' என்று போகாதீர்கள். அப்படி விளக்கப் போனவர்களில் விளக்கிவிட்டுத் திரும்பி வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. போத்திபாரின் வீட்டில் எஜமானின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிப்போனார்.

வேலையே பாவத்தோடு ஒட்டிக்கிடந்தால்? சிலர் உடனே வேலையை விட்டுவிடுவார்கள், அப்புறம் வீட்டில் அடுப்பு எரியாது, ஒரு மாதத்தில் மனம் கசந்துவிடும். யோவான் ஸ்நானகன் வரி வாங்குகிற ஆயக்காரரிடம் வேலையை விடச் சொல்லவில்லை, கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் சம்பளமே போதும் என்று இருக்கச் சொன்னார். வேலைக்குள் இருக்கிற திருட்டை வெட்டி எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வேலை முழுக்கவே திருட்டாக இருந்தால் மட்டும் விடுவதைப் பற்றி யோசியுங்கள், அதையும் உங்கள் ஆளோடு பேசிவிட்டு.

5. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஆண்டவர் மன்னித்துவிட்டார், அப்புறம் எதற்கு மனுஷனிடம் போக வேண்டும் என்பார்கள். திருடினது யாரிடம்? பிறகு அவர்கள் விசுவாசம் வளராமல் நிற்கிற இடமும் இதுதான்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் தெளிவான கணக்கு இருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. நாம் நியாயப்பிரமாணத்தின்கீழ் இல்லை என்று சிலர் வாதாடுவார்கள். சரி, சகேயுவின் கணக்குப்படி நாலு மடங்கு கொடுங்கள் என்று நான் பதில் சொல்வேன். ஒரு அளவு இல்லாமல் 'ஏதோ கொஞ்சம்' என்று போனால் மனம் குறைத்துக்கொண்டே வரும் என்பதால்தான் ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு பனையேறி வாரம் 40 கிலோ கொண்டுவருவார். 10 கிலோவுக்கு 300 கிராம் என்றால் வாரத்துக்கு 1 கிலோ 200 கிராம். சீசன் பதினேழு வாரம் வைத்தால் 20 கிலோ 400 கிராம், அதை 20 என்று குறைக்காமல் 21 என்று கூட்டினேன், சந்தேகம் வரும் இடத்தில் எண்ணை அவர் பக்கம் தள்ளுங்கள். நாலு சீசனுக்கு 84 கிலோ. அன்றைய விலை கிலோ 150 ரூபாய், ஆக 12,600. ஐந்தில் ஒரு பங்கு 2,520. மொத்தம் 15,120. இப்படி ஆறு பேர். கையில் அவ்வளவு பணம் இல்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் சம்மதத்தோடு, ஒன்றரை வருஷத்தில் ஒவ்வொருவராக முடித்தோம். அவளிடம் சொல்லாமல் வீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் அது இன்னொரு திருட்டு.

யாரிடம் முதலில் போவது? அதிகம் ஏமாந்தவரிடமும் அதிகம் ஏழையாக இருக்கிறவரிடமும். எனக்கு அது தூரத்து உறவில் ஒரு சித்தப்பா. எழுபதை நெருங்கின வயதிலும் மரம் ஏறிக்கொண்டிருந்தார். முன்பணம் வாங்கியிருந்ததால் என்னிடம்தான் விற்றாக வேண்டிய நிலை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் போனேன். சித்தி காய்ச்சுகிற தாழியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், சிரட்டைகள் முற்றத்தில் வரிசையாகக் காய்ந்தன.

"என்ன தம்பி, இந்த நேரத்துல?"

"சித்தப்பா, ஒரு கணக்கு முடிக்க வந்தேன். நாலு சீசனா ஒங்க கருப்பட்டில எடையக் கொறச்சு எழுதியிருக்கேன். ஈரமே இல்லாததுக்குக் கழிவு போட்டேன். அது திருட்டு. இந்தாங்க, பதினஞ்சாயிரத்து நூத்தி இருவது ரூவா. என்னைய மன்னிக்கணும்."

அவர் பணத்தை உடனே வாங்கவில்லை, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும்டே. வீட்ல ஒரு தடவ நிறுத்துப் பாத்துட்டுதான் ஒங்கிட்ட கொண்டு வருவேன்."

நாலு சீசன். ஒவ்வொரு வாரமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் 'கழிவு' என்று சொல்லும்போது "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போன ஒவ்வொரு தடவையும். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நான் வாசித்த வசனம் எல்லாம் சேர்ந்து எனக்கு உணர்த்தாததை அந்த ஒரு வாக்கியம் உணர்த்தியது. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான். நம் பாவம் மற்றவர் வீட்டில் எப்படி இருந்தது என்பது அந்த வீட்டு முற்றத்தில் நின்றால்தான் தெரியும்.

பணத்தை இரண்டு தரம் எண்ணினார். "வச்சிட்டுப் போ" என்றார். காப்பி தரவில்லை. நானும் எதிர்பார்க்கக்கூடாது.

ஏமாந்தவர் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாரிசே இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரும் என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. ஆனால் வாரிசு இருக்கும்போது காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தப்பிக்கக்கூடாது. நான் முதலில் அதைத்தான் செய்தேன், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்தேன், ஊரெல்லாம் பாராட்டினார்கள். சித்தப்பாவும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருடைய காசில்தான் அந்தச் சோறு. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு 5-இல் சொன்ன வரிசையை நான் தலைகீழாக்கியிருந்தேன்.

6. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம்

சின்னதாக இருக்கட்டும். செய்ததைச் சொல்லுங்கள், அதன் பெயரைச் சொல்லுங்கள், மன்னிக்கச் சொல்லிக் கேளுங்கள், நிறுத்துங்கள். 'உங்க மனசு புண்பட்டிருந்தா' என்று தொடங்காதீர்கள், புண்படாமல் இருந்திருக்கவும் கூடும் என்று அதில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர் என்றால் போனில் பேசுங்கள்.

உடனே மன்னித்தாக வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ரொம்பப் பேர். கிடைக்காவிட்டால் 'நான் என் கடமையைச் செய்துவிட்டேன், இனி அவர் பாடு' என்று கோபத்தோடு வருவார்கள். பத்து வருஷம் சுமந்தவருக்கு பத்து நிமிஷத்தில் இறக்கி வைக்க முடியாது. வசனத்தைக் காட்டி அவரை மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துவது இரண்டாவது அநியாயம்.

7. எங்கே தனியாகப் போகக்கூடாது

மனதால் ஒருவரை இச்சித்தேன், பொறாமைப்பட்டேன் என்று அவரிடமே போய்ச் சொல்லாதீர்கள். உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைக்கிறீர்கள். அதைத் தேவனிடமும் உங்கள் ஆளிடமும் சொல்லுங்கள். விபசாரம் நடந்திருந்தால், யாரிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்கள் ஐயரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள், அந்தப் பெண்ணின் வீட்டுக்கோ அந்த ஆணின் வீட்டுக்கோ தனியாகப் போகவே கூடாது.

குழந்தைக்கு விரோதமான குற்றமோ, அடி உதையோ என்றால் அது ஜெப அறையில் முடிகிற விஷயம் இல்லை. சட்டத்துக்கு முன் நிற்பதும் மனந்திரும்புதலில் சேர்ந்ததுதான். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்கள் இருக்கின்றன. 'சபைப் பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குடிக்கும் அப்படித்தான் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் ஜெபக்கூட்டத்தில் உணர்த்தப்பட்டு அன்றோடு திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். மாத்திரை போட்டு நிறுத்தினால் விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு குடும்பமாவது குடியை நிறுத்தின முதல் ராத்திரிகளைக் கடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம் இருக்காது.

8. காலியான இடத்தில் எதை வைப்பது

மத்தேயு 12-இல் ஒரு வீடு வருகிறது. அசுத்த ஆவி போனபின் பெருக்கி ஜோடித்து வெறுமையாகக் கிடக்கிறது, போன ஆவி தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பாவத்தை விட்டவர்கள் மூன்றாம் மாதத்தில் விழுவது பெரும்பாலும் இந்த வெறுமையில்தான்.

எபேசியர் 4:28-ஐ எடுத்துப் பாருங்கள். திருடினவன் திருடாமல் இருந்தால் போதும் என்று பவுல் நிறுத்தவில்லை, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும்படி தன் கைகளால் வேலை செய்யட்டும் என்கிறார். எடுத்த கை கொடுக்கிற கையாக வேண்டும். இந்த மாதிரியையே மற்ற பாவங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். நாக்கினால் ஊரைக் கெடுத்தவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்கு வேதம் வாசிக்கட்டும். சாதி பார்த்தவர் அடுத்த தெருவில் போய் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கிற சோற்றைச் சாப்பிடட்டும், முதலில் அவர்களைத் தன் வீட்டுக்கு அழைப்பதைவிட அது கஷ்டம், அதனால் அதுவே முதலில்.

பாவம் வழக்கமாக வந்த நேரம் எது என்று பார்த்து, அந்த நேரத்திலேயே இதை வையுங்கள். எனக்கு அது ராத்திரி கணக்கு எழுதுகிற நேரம். இப்போது கணக்கு எழுதும்முன் மனைவி பிள்ளைகளோடு குடும்ப ஜெபம், அப்புறம் என் மகன்தான் எண்களை வாசிக்கிறான், நான் எழுதுகிறேன். எங்கள் அம்மாமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்துவைத்தார்களே, அந்தப் பழக்கத்தின் பலம் அதுதான், தினமும் அதே நேரம், அதே கை.

9. வாரம் ஒரு தடவை ஒரே கேள்வி

முதல் படியில் குறித்து வைத்த ஆளிடம் இப்போது போங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. முழுக் கதையும் வேண்டாம், பாவத்தின் பெயரையும் நீங்கள் அடைத்த வழியையும் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் அவர் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். என்னுடையது: "இந்த வாரம் தராசு எண் எதிரே நின்றவர் கண்ணுக்கும் தெரிந்ததா?" 'ஜெப ஜீவியம் எப்படி இருக்கு' என்று பொதுவாகக் கேட்டால் 'கர்த்தர் நடத்துறார்' என்று பொதுவாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அவர் இதை ஜெபக்குறிப்பு என்று கூட்டத்தில் சொல்லிவிட்டால் அந்த ஆள் சரியில்லை. மாற்றிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

10. மறுபடி விழுந்தால்

அன்றைக்கே எழுந்திருங்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்றுதான் நீதிமொழிகள் 24:16 சொல்கிறது. விழுந்ததற்கும் அறிக்கையிடுவதற்கும் நடுவில் எத்தனை நாள் போகிறதோ அத்தனை நாளும் பாவத்துக்கு லாபம். முதலில் ஆண்டவரிடம், இருட்டுவதற்குள் உங்கள் ஆளிடம். பிறகு நான்காவது படிக்குத் திரும்பிப் போய் எந்த வழி திறந்திருந்தது என்று பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி மூன்று தடவை விழுந்தான், மூன்று தடவையும் ஊருக்குப் போன ராத்திரி, வெளியூரில் தங்கியிருக்கும்போது. வழி தெரிந்ததும் அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான்: வெளியூரில் தனியாக அறை எடுப்பதில்லை, சொந்தக்காரர் வீட்டில் திண்ணையிலாவது படுத்துக்கொள்கிறான்.

இராப்போஜன ஞாயிறு வந்தால் வெட்கப்பட்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 கொரிந்தியர் 11:28, எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கட்டும் என்று போகிறது. சோதித்தறிந்து விலகிப் போகட்டும் என்று அங்கே இல்லை. சனிக்கிழமை ராத்திரியே நோட்டைத் திறந்து, அந்த வாரத்தின் வரிகளை எழுதி, போக வேண்டிய வீடு இருந்தால் ராத்திரியே போய்விட்டு வாருங்கள். அப்புறம் காலையில் போய் முழங்கால் போடுங்கள்.

அடுத்த மாசி பிறந்து பதநீர் இறங்கத் தொடங்கியபோது சித்தப்பா வேறு கடைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். முன்பணக் கணக்கையும் அதற்குள் தீர்த்துவிட்டிருந்தேன், அவருக்கு என்னிடம் வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு புதன்கிழமை ஓலைப்பெட்டியோடு வந்து நின்றார். தராசில் அவர் பக்கம் தெரிகிற எண்ணைக் காட்டினேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, என் மகனைக் கூப்பிட்டு எண்ணை வாசிக்கச் சொன்னார்.